பூசணிக்குழியின் எரிசக்திக் கொள்கை

சென்ற நூற்றாண்டு முடியும் தறுவாயில், மனிதகுலம் இனி எதை எரித்துப் பிழைப்பது என்ற மாபெரும் கேள்வியை உலகத்தில் இரண்டே இரண்டு ஊர்கள்தான் உண்மையான அக்கறையோடு எடுத்துக்கொண்டன. ஒன்று, ஜப்பானில் இருக்கும் கியோட்டோ. மற்றொன்று, கொல்லிமலையில் குண்டூர் நாடு என்ற மலைப்பகுதியைச் சேர்ந்த பூசணிக்குழி. கியோட்டோவில் பல தேசத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, ஒப்பந்தம் ஒன்றை எழுதி முடித்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். பூசணிக்குழிக்காரர்கள் அப்படி அவசரப்படுகிறவர்கள் அல்லர். அவர்கள் பேசினார்கள், மறுபடியும் பேசினார்கள், பேசியதைப் பற்றிப் பேச இன்னொரு நாள் கூடினார்கள்.

இந்தப் பெருமையில் பெரும்பங்கு ஊர்க்கவுண்டர் அர்த்தனாரியைச் சேரும். அவர் நடுநிலையாளர். வரப்புத் தகராறோ, பலாப்பழத் தகராறோ, எது வந்தாலும் இரண்டு தரப்பையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கேட்டு முடித்ததும், “ரெண்டு பேரு சொல்றதுலயும் நாயம் இருக்குதுங்க” என்று தீர்ப்புச் சொல்லி அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிப்பார். அவர் தீர்ப்பால் மனம் நொந்தவர் அந்த மலையில் ஒருவர்கூட இல்லை. தகராறு தீர்ந்தவரும் இல்லை என்று சிலர் சொல்வது பொறாமையால்.

பூசணிக்குழியில் மின்சாரம் இல்லை என்று சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. மின்கம்பங்கள் இருந்தன. ஒரு தேர்தலுக்கு முன்னால் கம்பம் நட்டார்கள். அடுத்த தேர்தலுக்குக் கம்பி வரும் என்று சொல்லிப் போனார்கள். கம்பி வரும்வரை கம்பம் சும்மா நிற்பானேன் என்று ஊர்க்காரர்கள் அவற்றின்மேல் மிளகுக் கொடியை ஏற்றிவிட்டார்கள். அந்த மலையில் அசையாமல் நிற்கிற எதுவும் மிளகுக் கொடியிடமிருந்து தப்ப முடியாது. மின்சாரம் வழங்காவிட்டாலும் அந்தக் கம்பங்கள் ஊருக்குக் காரம் வழங்கிவந்தன.

இப்படி நிறைவாக வாழ்ந்த ஊருக்குத்தான் ‘மகளிர் பணிச்சுமைக் குறைப்புத் திட்டம்’ என்ற நல்ல திட்டத்தின் கீழ் ஒரு மிஷின் வந்து இறங்கியது. சாமையின் உமியை நீக்கும் மிஷின். சாமையை விளைவித்துவிடலாம், அதைச் சோறாக்குவதுதான் பாடு. அரிசியோடு அரிசியாக ஒட்டிக்கொண்டிருக்கும் உமி, உரலில் போட்டு உலக்கையால் மாறி மாறிக் குத்தினால்தான் விடும். ஊரில் உலக்கையைத் தொடுவது பெண்கள் மட்டுமே. ஆண்கள் தொடக்கூடாது என்று சாமி சொன்னதாக ஆண்கள் சொன்னார்கள்.

மிஷினைக் கண்டு மற்ற எவரையும்விட மகிழ்ந்தவள் அர்த்தனாரியின் மனைவி பாப்பாத்தி. அவளுக்கு வலது தோள் போய்விட்டிருந்தது. தலை வாரக் கையைத் தூக்கினால் கண்ணில் தண்ணீர் வரும். வைத்தியர் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வெள்ளாமையைக் குத்தினால் இந்தக் கை அப்புறம் மேலே எழும்பாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். மிஷினைச் சமுதாயக்கூடத்தில் இறக்கிவைத்தபோது அவள் அதைத் தொட்டுக் கும்பிட்டாள். அறுப்புக்கு முன்னால் இது ஓடிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

மிஷின் வந்தது, ஆனால் அதை ஓட்டுவது எது? அங்கேதான் திட்டத்தின் பெருந்தன்மை வெளிப்பட்டது. டீசல் இஞ்சின் வேண்டுமா, சூரியத் தகடு வேண்டுமா என்பதை ஊரே ‘ஒருமனதாக’த் தீர்மானிக்க வேண்டும். தீர்மானம் வந்தால் வேண்டியது வரும். மக்களிடம் இவ்வளவு பெரிய பொறுப்பை யாரும் அதுவரை ஒப்படைத்ததில்லை என்பதால் அர்த்தனாரிக்கு மெய் சிலிர்த்தது.

பொறுப்பு வந்த வாசனை எப்படியோ மலைக்குக் கீழேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. முதல் கூட்டத்துக்கே கட்சிக்கு ஒருவராக இரண்டு பேர் வந்துவிட்டார்கள். சேந்தமங்கலத்துக் குணசேகரன் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளர். சொந்தத்தில் லாரிகள் வைத்திருப்பவர். நாமக்கல்லிலிருந்து வந்த கோகுல்நாத் எதிர்க்கட்சியின் சுற்றுச்சூழல் அணி அமைப்பாளர். இஞ்சினியரிங் படித்தவர், சணல் பை மாட்டியவர். கொண்டை ஊசி வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் மிளகுக் கொடி படர்ந்த கம்பம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துவிட்டு, “பாத்தீங்களா, டீசல் வாடை எப்படிப் பண்ணுதுன்னு” என்று தம் கொள்கை விளக்கத்தை அங்கேயே தொடங்கினார்.

குணசேகரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“ஏனுங்க, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாமக்கல் முட்டை ஊரெல்லாம் எதுல போவுது?”

“லாரிலீங்க” என்றது கூட்டம்.

“லாரி எதுல போவுது?”

“டீசல்லீங்க.”

“அப்ப இந்த நாட்டுல ஆம்லெட்டு எதுல வேவுது? டீசல்ல! டீசல் வேண்டாங்கறவன் ஆம்லெட்டும் வேண்டாங்கட்டும், பாக்கலாம்.”

கூட்டம் அசந்துபோயிற்று. கோகுல்நாத் தளரவில்லை.

“டீசல்ங்கறது என்னன்னு தெரியுமுங்களா? கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்திச் செத்துப்போன பாசியும் பூச்சியும் மண்ணுக்குள்ள அழுகி ஆனதுங்க. செத்ததை எரிச்சுத்தான் நாம பொழைக்கணுமுங்களா?”

இதைச் சொல்லியிருக்கவே கூடாது. அறுத்த சாமையில் முதல் படியைச் சாமிக்குப் பொங்கிவைத்துவிட்டுத்தான் அந்த ஊரில் யாரும் வாயில் வைப்பார்கள். சின்னுசாமி என்ற மிளகுக்காரர் மெதுவாக எழுந்தார்.

“அப்பிடின்னா டீசல்ல குத்துன சாமைக்குச் சாவுத் தீட்டு உண்டுங்களா?”

சூரியன், பூமி, புகை எல்லாம் பின்னுக்குப் போயின. தீட்டு எத்தனை நாளைக்கு, பூச்சிக்குத் தீட்டு உண்டா, பாசிக்கு உண்டா என்று விவாதம் உச்சிவெயில்வரை நடந்தது. குணசேகரன் வியர்த்துப்போனார்.

“அட, செத்துக் கோடி வருசம் ஆச்சுங்கறாரே அவரே! அதுக்கெல்லாம் கருமாதி எப்பவோ முடிஞ்சிருக்குமுங்க!”

“யாரு செஞ்சாங்க?” என்று கேட்டார் சின்னுசாமி. அதற்குப் பதில் எந்தக் கட்சியின் கொள்கை அறிக்கையிலும் இல்லை.

குணசேகரன் வேறு பக்கம் பாய்ந்தார். “சரிங்க, சூரியனைத்தான் பாப்போம். இந்த மலையில மஞ்சு எறங்குனா எதுத்தாப்புல நிக்கற மாமியாளே கண்ணுக்குத் தெரியறதில்லை. மஞ்சுக்குள்ள சூரியனை எங்க போய்த் தேடறது? டார்ச் லைட்டு அடிச்சா?”

அர்த்தனாரி கண்ணைத் திறந்தார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்தார்.

ஊர்க்கூட்டம் என்றால் அங்கே ஒரு முறை உண்டு. கூட்டத்துக்கு மலையேறி வந்தவர்கள் பசியோடு இறங்கக்கூடாது. சாமைச் சோறுதான் போட வேண்டும். அதுவும் அன்றைக்குக் குத்தியதாக இருக்க வேண்டும். நாள்பட்டால் குத்திய சாமை கசக்கும். ஊர்க்கவுண்டர் முதல் வாய் உண்ட பிறகுதான் மற்றவர்கள் இலையில் கை வைப்பார்கள். ஆகவே கூட்டம் கூடுகிற நாளில் கோழி கூவும்போதே பெண்கள் உலக்கையைத் தூக்கிவிடுவார்கள். ஆண்கள் சமுதாயக்கூடத்தில் பெண்களின் பணிச்சுமையைக் குறைப்பது பற்றித் தொண்டை வற்றப் பேசுவார்கள். இடையிடையே உரல் சத்தம் பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று யாராவது எழுந்துபோய்க் கடிந்துவிட்டு வருவார்கள்.

கூட்டங்கள் வளர வளர ஊரின் அரசியல் அறிவும் வளர்ந்தது. வீடுகள் டீசல் வீடு, வெயில் வீடு என்று பிரிந்தன. டீசல் வீட்டார் மிளகை வெயிலில் காயப்போட மறுத்து, அடுப்புக்கு மேலே பரணில் காயவைத்தார்கள். அது புகை நாற்றம் அடித்து விலை போகாதபோது கொள்கைக்காகச் சிறை சென்றவர்கள் போல நிமிர்ந்து நடந்தார்கள். வெயில் வீட்டார் டீசல் பஸ்ஸில் ஏறுவதில்லை என்று சபதம் எடுத்தார்கள். செம்மேட்டுச் சந்தைக்கு இறக்கத்தில் நடந்தே போனார்கள். திரும்பும்போது ஏற்றம் என்பதால் பஸ்ஸில் வந்தார்கள். கேட்டால், கொள்கை இறக்கத்துக்கு மட்டும்தான் என்று விளக்கம் தந்தார்கள்.

செயல்முறை விளக்கமும் நடந்தது. குணசேகரன் தம் செலவில் ஒரு டீசல் இஞ்சினைக் கொண்டுவந்து இறக்கினார். கோகுல்நாத் சூரியத் தகடுகளையும் பேட்டரிகளையும் வரவழைத்தார். அவை குணசேகரனின் லாரியில்தான் வந்தன. வேறு லாரி கிடைக்கவில்லை. குளிரில் இஞ்சின் இருமியது, கறுப்பாகப் புகைந்தது, நின்றது. அதே நேரத்தில் மஞ்சு இறங்கித் தகடுகளை மூடியது. சூரியனை மறைத்தது டீசல் புகைதான் என்று கோகுல்நாத் குற்றம் சாட்டினார். தகடு வைத்ததால்தான் மஞ்சு இறங்கியது என்று குணசேகரன் பதில் கொடுத்தார். இரண்டையும் அர்த்தனாரி கண்மூடிக் கேட்டார். இஞ்சினும் தகடுகளும் சமுதாயக்கூடத்திலேயே மிஷினுக்குப் பக்கத்தில் தங்கிவிட்டன.

அன்றைக்குச் சாயங்காலம் பாப்பாத்தி அவரிடம் கேட்டாள்.

“ஏனுங்க, உங்க கூட்டம் எப்பத்தான் முடியும்?”

“பாப்பாத்தி, இது அவசரப்படற காரியமில்லை. உலகமே இதப் பத்தித்தான் பேசிட்டு இருக்குது.”

“மிஷினு வர்றதுக்கு முந்தி ஊட்டுக்கு மட்டுந்தான் குத்துனோமுங்க. மிஷினு வந்ததுக்கப்பறம் உங்க கூட்டத்துக்கும் சேத்துக் குத்தறோம். வேலையைக் கொறைக்கறதுக்கே இத்தனை வேலைன்னா, கொறைஞ்சு முடியறதுக்குள்ள நாங்க முடிஞ்சுருவோமுங்க.”

அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அர்த்தனாரிக்கு மனசு சுருக்கென்றது. அவர் கெட்டவர் அல்லர். பெண்டாட்டிமேல் பிரியம் உள்ளவர்தான். அவளுக்காக அடுத்த கூட்டத்தை இன்னும் சீக்கிரமே வைத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

அந்தக் கூட்டத்துக்குத் திட்ட அதிகாரி வித்யாஸ்ரீயே ஜீப்பில் வந்தார். அறுப்பு முடிந்து சாமை குதிருக்கு வந்திருந்தது. இன்றைக்குத் தீர்மானம் ஆகாவிட்டால் மிஷின் வேறு ஊருக்குப் போய்விடும் என்று அவர் தெளிவாகச் சொன்னார். குணசேகரன் ஆட்களோடு வந்திருந்தார், கோகுல்நாத் அதைவிட அதிக ஆட்களோடு வந்திருந்தார். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. ஆம்லெட்டும் கருமாதியும் மறுபடி புறப்பட்டன. பேச்சு சூடுபிடித்திருந்த நேரத்தில் சாப்பாட்டு வேளை வந்துவிட்டது.

அன்று உரல் சத்தமே கேட்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. பேச்சுக்கு இடைஞ்சல் இல்லை என்று மட்டும் நினைத்துக்கொண்டார்கள்.

இலை போட்டார்கள். அவரைக் குழம்பு மணந்தது. பாப்பாத்தியும் பக்கத்து வீட்டு அத்தாயியும் சோற்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். குத்தாத சாமை. உமியோடு அப்படியே வேகவைத்தது. தவிட்டு நிறத்தில், இலை இலையாகக் குவிந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் ஊர்க்கவுண்டரைப் பார்த்தார்கள்; முதல் வாய் அவருடையது.

அர்த்தனாரி மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஒரு கவளம் உருட்டி வாயில் வைத்தார். உமி நாக்கைக் கீறியது, அண்ணத்தில் குத்தியது, தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. கண்ணில் நீர் முட்ட இருமினார்.

“என்ன பாப்பாத்தி இது?”

“இன்னிக்குக் குத்தறதுக்கு டீசலும் வரலீங்க, வெயிலும் வரலீங்க. தீர்மானம் ஆகட்டும், அப்பறம் உமி போவும். தின்னுங்க சாமி” என்றாள் அவள், குணசேகரனுக்கு இன்னொரு கரண்டி வைத்தபடி.

இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் அது ஊரை அவமதிப்பது. சாப்பிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. இரண்டு கட்சியும் தங்கள் வரலாற்றில் முதல்முறையாக ஒரே மாதிரி முழித்தன. சங்கடத்தைத் தவிர்க்க வித்யாஸ்ரீ பேனாவைத் திறந்து அர்த்தனாரியிடம் திரும்பினார்.

“ஐயா, அறிக்கைக்கு ஒரு விவரம் வேணும். இத்தனை நாள் இந்த ஊர்ல சாமை குத்தறது எந்தச் சக்தியில நடந்தது? டீசலா, மண்ணெண்ணெயா, விறகா?”

தொண்டையில் உமி. பொய் சொல்லவோ நடுநிலை வகிக்கவோ அவரால் முடியவில்லை.

“பொம்பளைங்கம்மா. பொம்பளைங்கதான்” என்றார் அர்த்தனாரி.

கோகுல்நாத்தின் முகம் மெல்ல மலர்ந்தது.

“புகை கிடையாது!” என்றார்.

“செலவு கிடையாது!” என்றார் குணசேகரன்.

“இறக்குமதி வேண்டியதில்லை.”

“ரிப்பேர் வேலையும் இல்லை.”

“தீந்துபோகாதுங்க. இதைத்தான் புதுப்பிக்கத்தக்க எரிசக்தின்னு சொல்றோம். இன்னிக்குச் செலவழிச்சாலும் நாளைக்குக் காலைல தானாத் திரும்ப வந்துரும்” என்று கோகுல்நாத் ஊருக்கு விளக்கினார்.

இரண்டு பேரும் எழுந்து கை குலுக்கிக்கொண்டார்கள். எழுந்துவிட்டதால் சாப்பிட வேண்டியதில்லாமல் போனது. பூசணிக்குழி எரிசக்தியில் ஏற்கெனவே தன்னிறைவு அடைந்துவிட்டது என்றும், ஊர் இப்போது ஓடுவது போலவே தொடர்ந்து ஓட வேண்டும் என்றும் தீர்மானம் முன்மொழியப்பட்டு, வழிமொழியப்பட்டு, ‘ஒருமனதாக’ நிறைவேறியது. ஊரின் சாதனைக்குக் கேடயம் தருவதற்குப் பரிந்துரைக்கப்போவதாக வித்யாஸ்ரீ அறிவித்தார். மிஷினை அடுத்த வாரம் லாரி வந்து எடுத்துப்போகும் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. கூடத்துக்கு வெளியே நின்ற பெண்கள் மட்டும் தட்டவில்லை. ஒருமனது என்பதில் அவர்கள் மனது கணக்கில் சேராது என்பதால் தீர்மானத்துக்கு அதனால் பங்கம் வரவில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் பாப்பாத்தி வாசல்படியருகே வந்து நின்றாள்.

“ஏனுங்க, தானாத் திரும்ப வருமுன்னு சொன்னீங்களே, அது நாங்கதானுங்களா?”

“ஆமாங்க அம்மா” என்றார் கோகுல்நாத் மரியாதையோடு.

“சரிங்க. நாங்க பொறந்த ஊட்டுக்குப் போயிட்டு வாரோமுங்க. திரும்ப வருவோம். எப்பன்னு மட்டும் கேக்காதீங்க. நீங்க சொன்ன வெயிலு மாதிரித்தான், வர்றபோதுதான் வரும்.”

மறுநாள் விடிகாலைப் பஸ்ஸில் பூசணிக்குழியின் எரிசக்தி முழுவதும் ஏறி, தாய்வீடுகள் இருந்த பெரக்கரை நாட்டுப் பக்கம் போய்விட்டது. டீசல் வீட்டுப் பெண்களும் வெயில் வீட்டுப் பெண்களும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு போனதை, ஊர் ஆண்கள் கட்சி வேறுபாடு மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

பசி வந்தது. குதிர் நிறையச் சாமை இருந்தது, எல்லாம் உமியோடு. அர்த்தனாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சாமியிடம் மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தம் வாழ்நாளில் முதன்முறையாக உலக்கையைத் தூக்கினார். அதற்கு இவ்வளவு எடை இருக்கும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. முதல் குத்து உரலின் விளிம்பில் விழுந்தது. இரண்டாவது குத்தில் பாதிச் சாமை வாசலுக்குப் போயிற்று. கோழிகள் அதிகாரபூர்வமாக அழைக்கப்படாமலே வந்தன. வெயில் ஏறுவதற்குள் உள்ளங்கை கொப்பளித்தது, தோள் கழன்றுவிட்டது போலிருந்தது. புடைத்துப் பார்த்தால் ஒரு குழந்தைக்குப் போதாத அளவு நொய்யும், மிச்சமெல்லாம் உமியும். அக்கம்பக்கத்து வாசல்களிலும் மற்ற ஆண்கள் அதே நிலையில் இருந்தார்கள். உலக்கையைப் போட்டுவிட்டு அவர் மரத்தடியில் உட்கார்ந்தபோது அழுகையே வந்துவிட்டது. இதை அவள் எத்தனை வருஷமாகச் செய்தாள் என்ற நினைப்பில் வந்ததா, கை வலியில் வந்ததா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அன்று பிற்பகல் ஊர்க்கூட்டம் கூடியது. வரவேற்புரை இல்லை. பொன்னாடை இல்லை. கீழேயிருந்து யாரையும் அழைக்கவும் இல்லை. சின்னுசாமி மட்டும் பழக்கதோஷத்தில் எழுந்து, “டீசலுக்குத் தீட்டு உண்டாங்கறது இன்னும்…” என்று ஆரம்பித்தார்.

“எதுலயாச்சும் ஓட்டுங்கடா!” என்று கத்தினார் அர்த்தனாரி.

அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் தீர்ப்பு அதுதான். உடனே வேலை நடந்தது. இஞ்சினை உருட்டினார்கள், தகடுகளைத் துடைத்தார்கள், சந்தையிலிருந்து மெக்கானிக் ஒருவரைப் பிடித்து வந்தார்கள். இருட்டுவதற்குள் மிஷின் ஓடியது. ஒரு பக்கம் உமியும் மறு பக்கம் சாமையுமாகக் கொட்டியது. அது கடைசியில் டீசலில் ஓடியதா, வெயிலில் ஓடியதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை, ஆகவே இந்த வரலாற்றிலும் அதற்குக் குறிப்பு இல்லை. மிஷினை எடுத்துப்போக வந்த லாரிக்காரருக்கு வயிறாரச் சோறு போட்டு வெறும் வண்டியோடு திருப்பி அனுப்பினார்கள்.

சேதி கேட்டுப் பெண்கள் திரும்பி வந்தார்கள். பாப்பாத்தி நேராகச் சமுதாயக்கூடத்துக்குப் போய், ஓடுகிற மிஷினைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். குத்தாமல் கிடைத்த சாமையை இடது கையில் அள்ளி மோந்து பார்த்தாள். பிறகு கணவரிடம் திரும்பினாள்.

“அத்தனை கூட்டம் போட்டும் ஓடாத மிஷினு, இப்ப மட்டும் எப்பிடீங்க ஓடுச்சு?”

“தோளு வலி தாங்க முடியலை, பாப்பாத்தி. ஓட்டிட்டோம்.”

“எனக்கும் அதே தோளுதானுங்களே வலிச்சுது, இத்தனை வருசமா?”

அர்த்தனாரி உண்மையாகவே யோசித்தார்.

“அப்ப அது கொள்கைப் பிரச்சினையா இருந்துச்சு” என்றார்.